கரி குடித்ததா, வெயில் உடைத்ததா? சாயத்தண்ணீருக்கு ஒரு நானோகூட்டு ஊக்கி: முழுமையான வழிகாட்டி

முதல் தடவை செய்தபோது 25 நிமிடத்தில் நீலம் போய்விட்டது. திருகோணமலைப் பக்கத்து உப்புவெளியில் என் வீட்டு முற்றம், காலை பத்தரை மணி வெயில், ஒரு வெள்ளைப் பீங்கான் தட்டு நிறைய மெதிலீன் நீலம் என்ற சாயத்தின் கரைசல், அதற்குள் நாங்களே செய்த சாம்பல் நிறத் தூள் ஒரு சிட்டிகை. உயர்தரம் படிக்கும் பிள்ளைகள் நான்கு பேர் சுற்றி இருந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள், எல்லோருக்கும் பெரிய சந்தோஷம். அவர்களில் ஒரு பிள்ளை அன்று வீட்டுக்குப் போய், யாரும் சொல்லாமல், அதே கரைசலையும் அதே தூளையும் ஒரு போத்தலில் போட்டு அலுமினியத் தாளால் சுற்றி அலுமாரிக்குள் வைத்திருக்கிறாள். அடுத்த நாள் போத்தலைக் கொண்டுவந்து மேசையில் வைத்து, "இருட்டில வச்சதும் வெளுத்துட்டு, சேர்" என்றாள்.

அந்தப் போத்தலைப் பார்த்த பிறகுதான் இந்த வேலையை நாங்கள் ஒழுங்காகத் தொடங்கினோம். தூள் தைத்தேனியமீரொட்சைட்டும் கரியும் சேர்ந்தது. கரி சாயத்தைக் குடிக்கும். வெயில் சாயத்தை உடைத்ததா, கரி குடித்து வைத்துக்கொண்டதா என்று பிரித்துச் சொல்லத் தெரியாவிட்டால் நீங்கள் செய்தது ஊக்கியா (தான் தீராமல் தாக்கத்தை வேகப்படுத்தும் பொருளா) வெறும் வடிகட்டியா என்று உங்களுக்கே தெரியாது. இணையத்தில் தூள் செய்யும் முறை நிறையக் கிடைக்கிறது, இந்தக் கேள்விக்குப் பதில் தேடும் முறை அவ்வளவாகக் கிடைப்பதில்லை. அதனால் கீழே செய்முறையை முழுதாகச் சொன்னாலும், சோதனைப் பகுதியில்தான் கூடுதல் நேரம் நிற்கப்போகிறேன்.

முதலில், இது வேலை செய்வது எப்படி

தைத்தேனியமீரொட்சைட்டு என்பது ஒன்றும் புதுமையான பொருள் இல்லை. வெள்ளைப் பெயின்றை வெள்ளையாக்குவதே அதுதான். 1972இல் அகிரா புஜிஷிமாவும் கெனிச்சி ஹொண்டாவும் அந்தப் பொருளில் ஒளி பட்டால் தண்ணீரையே பிரிக்கலாம் என்று நேச்சர் சஞ்சிகையில் எழுதினார்கள், அதற்குப் பிறகுதான் உலகம் இதை வேறு கண்ணால் பார்க்கத் தொடங்கியது.

அதன் அனற்றேசு என்ற படிக வடிவத்தில் ஒரு இலத்திரனைக் கிளப்ப 3.2 இலத்திரன்வோல்ட் சக்தி வேண்டும். 1240ஐ 3.2ஆல் வகுத்துப் பாருங்கள், 387 வரும். அதாவது 387 நானோமீற்றருக்குக் குறைந்த அலைநீளமுள்ள ஒளி, ஊதாக்கடந்த ஒளி, பட வேண்டும். இலத்திரன் கிளம்பினால் அது இருந்த இடத்தில் ஒரு துளை மிஞ்சும். துளை தண்ணீரோடு சேர்ந்து ஐதரொட்சில் மூலிகம் என்ற, எதோடும் உடனே தாக்கும் துணிக்கையை உண்டாக்கும், கிளம்பிய இலத்திரன் கரைந்திருக்கும் ஒட்சிசனைப் பிடித்து இன்னொரு மூலிகத்தை உண்டாக்கும். சாயம், மருந்து எச்சம், பீனோல் என்று பார்க்காமல் கிட்ட இருக்கும் சேதனப் பொருளைக் கடித்துக் குதறுவது இந்த மூலிகங்கள்தான். ஒட்சிசன் தேவை என்பதை மனதில் வையுங்கள், பின்னால் தட்டின் ஆழம் பற்றிச் சொல்லும்போது உதவும்.

சிக்கல் இரண்டு. வெயிலின் சக்தியில் ஊதாக்கடந்த பங்கு சுமார் 5 வீதம்தான். அதோடு, கிளம்பிய இலத்திரன்களில் பெரும்பாலானவை எந்த வேலையும் செய்யாமல் திரும்பி வந்து துளைக்குள்ளேயே விழுந்துவிடும். கூட்டு ஊக்கி செய்வது இதற்காகத்தான். தனித் தூளோடு இன்னொரு பொருளைச் சேர்த்து, அந்த இரண்டாவது பொருளுக்கு ஒரு வேலையைக் கொடுக்கிறோம். வெள்ளித் துணிக்கை சேர்த்தால் அது இலத்திரனைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மக்னற்றைற்று என்ற காந்த இரும்பு ஒட்சைட்டைச் சேர்த்தால் வேலை முடிந்ததும் காந்தத்தால் தூளை இழுத்தெடுக்கலாம். காபன் நைத்திரைட்டு சேர்த்தால் கண்ணுக்குத் தெரியும் ஒளியிலும் கொஞ்சம் பயன் வரும், அதற்கு 2.7 இலத்திரன்வோல்ட் போதும். கரி சேர்த்தால் அது மாசை நீரிலிருந்து இழுத்து ஊக்கியின் பக்கத்திலேயே கொண்டுவந்து வைக்கும், இலத்திரனையும் ஓரளவு கடத்தும். நான் கரியை எடுத்ததற்குக் காரணம் எளிது: திருகோணமலையில் சிரட்டைக்குப் பஞ்சமில்லை.

புல்மோட்டை மணலை அள்ளி வந்து செய்யலாமா?

இதை எல்லோரும் கேட்பார்கள், கேட்க வேண்டிய கேள்விதான். திருகோணமலையிலிருந்து சுமார் 50 கிலோமீற்றர் வடக்கே கடற்கரையில் கறுப்பாகக் கிடக்கும் மணலில் இல்மனைற்று, உரூற்றைல், சிர்க்கன் எல்லாம் இருக்கின்றன. இல்மனைற்று என்பது இரும்பும் தைத்தேனியமும் சேர்ந்த ஒட்சைட்டு. ஆனால் அந்த மணலை அப்படியே தண்ணீரில் போட்டால் நல்ல ஒளியூக்கியாக வேலை செய்யாது. அதிலிருந்து தைத்தேனியத்தைப் பிரிக்கச் செறிந்த சல்பூரிக்கமிலத்தில் சூடாக்க வேண்டும், இரும்பு சல்பேற்றும் அமிலக் கழிவும் மிஞ்சும். தண்ணீரைச் சுத்தமாக்கக் கிளம்பி அமிலக் கழிவை உண்டாக்குவதில் அர்த்தமில்லை. மணலில் கதிர்வீச்சுள்ள தோரியம் அடங்கிய மொனசைற்று என்ற கனியமும் சிறிதளவு இருக்கிறது, அரைத்துத் தூசாக்கிச் சுவாசிக்கும் பொருள் இல்லை அது. மணலும் அரசாங்கத்துடையது. அந்த யோசனையை விட்டுவிடுங்கள்.

கரி தயாரித்தல்

நன்றாகக் காய்ந்த சிரட்டையை உடைத்து, மூடியுள்ள ஒரு பிஸ்கட் பேணியில் நிரப்பி, மூடியில் ஆணியால் ஒரு சின்னத் துளை போட்டு, நெருப்பில் வையுங்கள். துளையால் முதலில் வெள்ளைப் புகை வரும், அப்புறம் அது எரியும் வாயுவாக மாறும், பிறகு நின்றுவிடும். நின்ற பிறகு துளையைக் களிமண்ணால் அடைத்து ஆறவிடுங்கள். சூடாக இருக்கும்போது திறந்தால் உள்ளே காற்றுப் புகுந்து கரி சாம்பலாகிவிடும்.

ஆறியதும் கொஞ்சம் தண்ணீர் தெளித்து அரையுங்கள், ஈரமாக அரைத்தால் தூசு பறக்காது. மெல்லிய துணியில் சலித்த தூளை 0.1 மோலார் ஐதரோகுளோரிக்கமிலத்தில் ஒரு மணித்தியாலம் கலக்கி, பிறகு காய்ச்சி வடித்த நீரில், கழுவிய நீர் நடுநிலைக்கு வரும்வரை திரும்பத் திரும்பக் கழுவுங்கள். ஐந்தாறு தடவை போகும். சலிப்பான வேலைதான், ஆனால் தவிர்க்காதீர்கள். சிரட்டைக்கரிச் சாம்பல் காரத்தன்மை உள்ளது, அது நீரின் பீஎச்சை உயர்த்தினால் சாயம் ஒட்டும் அளவே மாறிவிடும், பின்னால் வரும் எண் எல்லாம் பிழைக்கும். 105 பாகையில் காயவைத்து, மூடிய போத்தலில் வையுங்கள்.

கூட்டுத் தூள்

இது ஆய்வுகூட வேலை, வீட்டுக் குசினியில் செய்யக்கூடாது. தைத்தேனியம் ஐசோபுரோப்பொக்சைட்டு தீப்பற்றும் திரவம், ஈரக்காற்றுப் பட்டால் உடனே வெள்ளையாகப் படியும். நம் கடற்கரைக் காற்றில் போத்தலைத் திறந்து வைத்துவிட்டு வேறு வேலை பார்த்தால் வாயிலேயே வெள்ளைப் பக்கு கட்டிவிடும். உலர்ந்த அளவுக்குழாயால் எடுத்து உடனே மூடுங்கள். புகைக்கூண்டு, கண்ணாடி, கையுறை மூன்றும் கட்டாயம்.

2 கிராம் தைத்தேனியமீரொட்சைட்டு வேண்டுமென்றால் அந்தத் திரவம் சுமார் 7.4 மில்லிலீற்றர் எடுக்க வேண்டும். அதை 40 மில்லிலீற்றர் நீரற்ற எதனோலில் கலந்து, 2 மில்லிலீற்றர் செறிந்த அசற்றிக்கமிலம் சேர்த்து அரை மணித்தியாலம் கலக்குங்கள். அசற்றிக்கமிலம் அவசரத்தைக் கட்டுப்படுத்துகிறது, அது இல்லாவிட்டால் தண்ணீர் பட்டதுமே பெரிய கட்டிகளாக விழும். பிறகு 0.2 கிராம் கரியைப் போட்டு நன்றாகக் கலையுங்கள், ஒலியதிர்வுத் தொட்டி இருந்தால் 15 நிமிடம் அதில் வைத்தால் இன்னும் நல்லது. இனி 10 மில்லிலீற்றர் எதனோலும் 10 மில்லிலீற்றர் நீரும் கலந்த கலவையை, கலக்கிக்கொண்டே, துளி துளியாக விடுங்கள். முதல் சில துளிகளிலேயே கறுப்புக் கலவைக்குள் பால் விட்டாற்போல ஒரு வெளிறல் தெரியும். முழுதும் விட்டு முடிக்க அரை மணித்தியாலமாவது எடுங்கள். அப்புறம் 2 மணித்தியாலம் கலக்கி, ஒரு இரவு அப்படியே விட்டு, 80 பாகையில் காயவைத்து அரைத்தால் சாம்பல் நிறத் தூள் கிடைக்கும்.

இன்னும் வேலை முடியவில்லை. அந்தத் தூள் பெரும்பாலும் படிகமாகாத நிலையில் இருக்கும், அதற்கு ஒளியூக்கல் மிகக் குறைவு. 400 முதல் 450 பாகையில் 2 மணித்தியாலம் சுட்டால்தான் அனற்றேசுப் படிகமாகும். மிக அதிகமாகச் சுட்டால், 600 பாகைக்கு மேல் போகப்போக, உரூற்றைல் என்ற இன்னொரு படிக வடிவமாக மாறத் தொடங்கும், மணிகளும் பெருத்து மேற்பரப்புக் குறையும்.

இந்த இடத்தில் ஒரு தொகுதியை முழுதாக இழந்தோம். புடக்குகையை, அதாவது தூளைச் சுடும் கிண்ணத்தை, திறந்தபடி வைத்துச் சுட்டுவிட்டோம். மறுநாள் அடுப்பைத் திறந்தால் சாம்பல் நிறத்தில் வைத்த தூள் பச்சரிசி மாப்போல வெள்ளையாக இருந்தது. கரி முழுக்கக் காற்றில் எரிந்து போயிருந்தது. நைதரசன் வசதி இருந்தால் அதில் சுடுங்கள். இல்லாவிட்டால் மூடியுள்ள புடக்குகையில் தூளை இறுக்கி நிரப்பி, அதை இன்னும் பெரிய புடக்குகைக்குள் வைத்துச் சுற்றிலும் கரித்தூளைப் போட்டு மூடிச் சுடுங்கள், உள்ளே வரும் ஒட்சிசனை வெளிக்கரி எடுத்துக்கொள்ளும். முடிந்ததும் நிறுத்துப் பாருங்கள், 2.2 கிராமுக்குக் கிட்ட வர வேண்டும். நிறம் சாம்பலாகவே இருக்க வேண்டும்.

அடுப்பு கிடைக்காதவர்கள் பி25 என்ற பெயரில் விற்கும் ஆயத்தத் தூளை வாங்கிக் கரியோடு எதனோலில் ஒலியதிர்வு கொடுத்துக் காயவைக்கலாம். அது ஏற்கனவே படிகமான தூள், சுமார் 80 வீதம் அனற்றேசும் மீதி உரூற்றைலும். கரியோடு ஒட்டும் பலம் குறைவாக இருக்கும், பழகுவதற்குப் போதும்.

தூள் காய்ந்த பிறகு முகமூடி இல்லாமல் கையாளாதீர்கள். தைத்தேனியமீரொட்சைட்டுத் தூசைச் சுவாசிப்பதை சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2பி வகுப்பில், அதாவது மனிதருக்குப் புற்றுநோய் தரக்கூடும் என்ற பட்டியலில், வைத்திருக்கிறது.

ஐந்து தட்டுச் சோதனை

100 மில்லிகிராம் மெதிலீன் நீலத்தை ஒரு லீற்றர் காய்ச்சி வடித்த நீரில் கரைத்து மூலக் கரைசல் வையுங்கள். அதில் 10 மில்லிலீற்றரை 200 மில்லிலீற்றராக்கினால் லீற்றருக்கு 5 மில்லிகிராம். எல்லோரும் லீற்றருக்கு 10 மில்லிகிராம் என்று எழுதுகிறார்கள், ஆனால் அந்தச் செறிவில் 664 நானோமீற்றரில் ஒளியுறிஞ்சலை அளக்கும் கருவியின் வாசிப்பு 2ஐத் தாண்டும், சாதாரணக் கருவிகள் அங்கே நேர்கோட்டில் நிற்பதில்லை. 5 போதும்.

ஒவ்வொரு தட்டுக்கும் 200 மில்லிலீற்றர் கரைசல். முதல் தட்டில் சாயம் மட்டும், வெயிலில். இரண்டாவதில் சாயமும் கூட்டுத் தூளும், தட்டைக் கறுப்புத் துணியால் மூடி அதே வெயிலில், வெப்பம் இரண்டுக்கும் ஒன்றாக இருக்க வேண்டுமே. மூன்றாவதில் கரி சேர்க்காமல் அதே முறையில் செய்த வெள்ளைத் தூள். நான்காவதில் கரி மட்டும், கூட்டுத் தூளில் எவ்வளவு கரி இருக்குமோ அவ்வளவு, அதாவது 9 மில்லிகிராம். ஐந்தாவதில் கூட்டுத் தூள் 100 மில்லிகிராம், வெயிலில். முதல் தட்டைத் தேவையில்லை என்று விடுபவர்கள் உண்டு, விடாதீர்கள். மெதிலீன் நீலம் வெயிலில் தானாகவே கொஞ்சம் வெளுக்கும்.

வெயிலில் வைக்க முன் எல்லாத் தட்டையும் 30 நிமிடம் இருட்டில் கலக்க வேண்டும். இந்த நேரத்தில் கரி குடிக்க வேண்டியதைக் குடித்து முடிக்கட்டும். 30 நிமிடமும் 45 நிமிடமும் ஒரே வாசிப்பைத் தந்தால் முடிந்தது என்று அர்த்தம், இன்னும் இறங்கிக்கொண்டிருந்தால் காத்திருங்கள். இருட்டு முடிந்த நேரத்துச் செறிவுதான் உங்கள் தொடக்கச் செறிவு. அங்கேயே சாயத்தில் பாதிக்கு மேல் போய்விட்டதென்றால் கரி அதிகம், அடுத்த தொகுதியில் கரியைக் குறையுங்கள். எங்கள் முதல் தூளில் கரி கிட்டத்தட்டப் பாதிக்குப் பாதி இருந்தது, அலுமாரிப் போத்தல் வெளுத்ததில் வியப்பே இல்லை.

தண்ணீரின் ஆழம் 2, 3 சென்றிமீற்றருக்கு மேல் வேண்டாம். தூள் கலந்த தண்ணீரில் ஒளி ஆழமாகப் போகாது, மேலிருந்து வரும் ஒட்சிசனும் அடிவரை போய்ச் சேராது. அதே காரணத்தால் தூளை அள்ளிப் போட்டாலும் பயனில்லை, ஒரு அளவுக்கு மேல் தூளே தூளுக்கு நிழலாகிவிடும். லீற்றருக்கு அரைக் கிராமில் தொடங்கி, கூட்டிக் குறைத்து உங்கள் தூளுக்கு எது சரி என்று பாருங்கள். இரண்டாவது தவிர மற்றத் தட்டுகளை மூடாமல் வையுங்கள், சில பிளாஸ்ரிக் தாள்கள் ஊதாக்கடந்த ஒளியை அப்படியே மறித்துவிடும்.

காலம் பற்றி ஒரு வார்த்தை. வைகாசியிலிருந்து ஆவணி வரை இங்கே நல்ல வெயில், பத்து மணியிலிருந்து இரண்டு மணி வரை செய்யுங்கள், ஐந்து தட்டும் ஒரே நாளில் ஒரே நேரத்தில். மாரியில் இந்த வேலைக்கு இறங்க வேண்டாம், முகில் ஒவ்வொரு தடவையும் கணக்கைக் குழப்பும். ஆனால் அந்த நல்ல மாதங்களில்தான் கச்சான் காற்றும் வீசும். உதட்டை வெடிக்கவைக்கும் அந்தக் காற்று தட்டிலுள்ள தண்ணீரைச் சும்மா விடுமா? ஒரு மணித்தியாலத்தில் மட்டம் கண்ணுக்குத் தெரியக் குறையும், குறைந்தால் சாயம் செறிவாகும், ஊக்கி வேலை செய்யாததுபோல் தோன்றும். தொடங்க முன் ஒவ்வொரு தட்டையும் தராசில் நிறுத்து எழுதுங்கள், மாதிரி எடுக்க முன் குறைந்த நிறைக்குக் காய்ச்சி வடித்த நீர் விட்டுச் சரிசெய்யுங்கள். எடுத்த மாதிரியின் நிறையையும் கணக்கில் கழித்துக்கொள்ளுங்கள்.

15 நிமிடத்துக்கு ஒருமுறை 4 மில்லிலீற்றர் எடுத்து, மையநீக்கியில் 10 நிமிடம் சுற்றி, மேலே தெளிந்ததை வாசியுங்கள். மையநீக்கி இல்லையென்று ஊசிவடி (ஊசிக்குழாயில் பொருத்தும் வடி) போடுபவர்கள், முதலில் தூள் போடாத சாயக் கரைசலை அந்த வடி வழியே விட்டு வாசியுங்கள். சில வடிகள் தாமே மெதிலீன் நீலத்தைப் பிடித்து நீலமாகிவிடும். வாசிக்கும் கருவியே இல்லையென்றால் லீற்றருக்கு 5, 4, 3, 2, 1, 0.5 மில்லிகிராம் என்று ஒரு வரிசைக் குழாய்களை நிறுத்தி, வெள்ளைத் தாளுக்கு முன்னால் மாதிரியையும் சேர்த்து ஒரே படமாகக் கைபேசியில் எடுங்கள். நீலச் சாயம் சிவப்பு ஒளியைத்தான் உறிஞ்சுகிறது, அதனால் படத்தில் சிவப்பு அளவை மட்டும் ஒப்பிட்டால் ஓரளவு நம்பிக்கையான எண் வரும்.

கணக்கு சுலபம். தொடக்கச் செறிவை அந்த நேரத்துச் செறிவால் வகுத்து இயற்கை மடக்கை எடுத்து, நேரத்துக்கு எதிராக வரையுங்கள். நேர்கோடு வந்தால் அதன் சாய்வுதான் வீத மாறிலி, சாயம் எவ்வளவு வேகமாகப் போகிறது என்று சொல்லும் எண். உதாரணமாக, இருட்டு முடிந்தபோது 0.80 இருந்த வாசிப்பு 60 நிமிடத்தில் 0.20 ஆனால், 4இன் மடக்கை 1.386, அதை 60ஆல் வகுத்தால் நிமிடத்துக்கு 0.023. ஐந்து தட்டுக்கும் இப்படி எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். ஐந்தாவது தட்டு மூன்றாவதை வெல்லாவிட்டால் கரி சேர்த்ததில் பயனில்லை, அதை அப்படியே எழுதுங்கள்.

நிறம் போன பிறகும் மூன்று சந்தேகம்

முதல் சந்தேகம், தூளில் ஒளிந்திருக்கிறதா. ஐந்தாவது தட்டின் தூளை வடித்தெடுத்து 5 மில்லிலீற்றர் எதனோலில் போட்டு நன்றாகக் குலுக்கி, படியவிட்டு, வெள்ளைத் தாளின் மேல் வைத்துப் பாருங்கள். எதனோல் நீலமானால் சாயம் உடையவில்லை, ஒட்டிக்கொண்டு இருந்திருக்கிறது. எங்கள் முதல் தூளை இப்படிக் கழுவியபோது மை போத்தலைப்போல் நீலம் வந்தது. கரியைக் குறைத்துச் செய்த தூளில் எதனோல் அடியில் ஒரு மெல்லிய சாயல் மட்டும்தான், தாளில் வைத்துப் பார்த்தால்தான் தெரிந்தது. கரி பிடித்துக்கொண்டதை எதனோல் முழுதாகக் கழற்றாது என்பதையும் நினைவில் வையுங்கள், அதனால் இரண்டாவது தட்டின் தூளையும் அதேபோல் கழுவி இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள்.

இரண்டாவது, மெதிலீன் நீலம் உடையாமலே நிறமிழக்கக்கூடியது. ஒரு ஒடுக்கலில், அதாவது இலத்திரனை வாங்கும் தாக்கத்தில், அது நிறமற்ற வடிவத்துக்குப் போகும், ஒட்சிசன் பட்டால் திரும்ப நீலமாகும். தெளிந்த நீரைப் பாதிப் போத்தலில் விட்டு ஒரு நிமிடம் பலமாகக் குலுக்குங்கள். நீலம் திரும்பினால் விளங்கிக்கொள்வீர்கள்.

மூன்றாவதுதான் பெரியது. நிறம் தரும் பகுதி உடைந்ததும் கண்ணுக்குத் தண்ணீர் தெளிவு, ஆனால் உடைந்த துண்டுகள் அங்கேயே இருக்கலாம், சில துண்டுகள் மூலச் சாயத்தைவிடக் கெட்டதாகவும் இருக்கலாம். தண்ணீரில் மிஞ்சியிருக்கும் சேதனப் பொருளைக் காட்டும் மொத்தச் சேதனக் காபனையோ இரசாயன ஒட்சிசன் தேவையையோ அளந்தால்தான் தெரியும், இந்த எண்கள் பெரும்பாலும் நிறத்தைவிட மெதுவாகவே இறங்கும். பள்ளியில் அளக்க முடியாது, அதற்கான கருவி உள்ள ஆய்வுகூடம் ஒன்றுக்கு மாதிரி அனுப்புங்கள். அளக்காதவரை "நிறம் நீக்கம்" என்று மட்டும் எழுதுங்கள், "சுத்திகரிப்பு" என்று எழுதாதீர்கள். குடிக்கும் தண்ணீருக்கு இதைப் பயன்படுத்தும் எண்ணமே வேண்டாம்.

உண்மையான தண்ணீருக்குப் போகும்போது

காய்ச்சி வடித்த நீரில் வந்த வேகம் கிணற்றுத் தண்ணீரில் வராது. கடற்கரையோரக் கிணறுகளில் குளோரைட்டும் இருகாபனேற்றும் இருக்கும், இரண்டுமே ஐதரொட்சில் மூலிகத்தை வழியிலேயே பிடித்துத் தின்றுவிடும். கிணற்றுத் தண்ணீரில் சாயத்தைக் கரைத்து அதே ஐந்து தட்டையும் திரும்பச் செய்யுங்கள், இறங்கிய வேகத்தைப் பார்த்து மனம் தளர வேண்டாம், அந்த எண்தான் உண்மையான எண்.

நெசவுச் சாயத்துக்குப் போனால் இன்னொரு திருப்பம். மருதமுனைச் சாரத்தைப்போல பருத்தி நூலுக்குப் பெரும்பாலும் போடும் சாயங்களில் ஒரு வகை எதிரேற்றமுள்ளது, மெதிலீன் நீலமோ நேரேற்றமுள்ளது. தைத்தேனியமீரொட்சைட்டின் மேற்பரப்பு பீஎச் 6, 6.5க்குக் கீழே நேரேற்றம், மேலே எதிரேற்றம். சாயம் தோய்த்த தண்ணீர் சோடாக் காரத்தால் பீஎச் 10, 11இல் நிற்கும். அப்போது தூளும் எதிரேற்றம், சாயமும் எதிரேற்றம், ஒன்றையொன்று தள்ளும். அமிலம் கொஞ்சம் சேர்த்து 6க்குக் கீழே இறக்கினால் ஒட்டும். அந்தத் தண்ணீரில் உப்பும் லீற்றருக்குப் பல பத்துக் கிராம் இருக்கும், முதலில் 10 மடங்கு ஐதாக்கித் தொடங்குங்கள். மெதிலீன் நீலத்தில் நன்றாக வந்தது என்று இங்கேயும் வரும் என நம்பிப் போனால் ஏமாற்றம்தான்.

தூளைத் திரும்பப் பயன்படுத்திப் பார்க்கும்போது ஒவ்வொரு சுற்றுக்கு முன்பும் நிறுங்கள். கழுவும்போதும் வடிக்கும்போதும் தூள் குறைந்துகொண்டே போகும், நிறுக்காவிட்டால் தூள் குறைந்ததையும் ஊக்கி களைத்ததையும் பிரிக்க முடியாது. ஐந்து சுற்றுச் செய்வது வழக்கம்.

தட்டுக் கழுவிய தண்ணீரை வாசல் கானுக்குள் ஊற்றாதீர்கள், நம் கான்கள் கடைசியில் கடலுக்குத்தான் போகின்றன. ஒரு வாளியில் சேர்த்து, ஒரு பிடி படிகாரம் போட்டு ஒரு நாள் வையுங்கள். நுண்தூள் கட்டியாகி அடியில் படியும். மேல் தண்ணீரை மெல்ல வடித்துவிட்டு, அடியில் நிற்கும் சாம்பல் சேற்றைக் காயவைத்து, என்ன பொருள், எந்தத் திகதி என்று எழுதிய போத்தலில் போட்டு மூடிவையுங்கள். எங்கள் ஆய்வுகூட இராக்கையில் அப்படி மூன்று போத்தல்கள் இருக்கின்றன, அவற்றோடு அலுமினியத் தாள் சுற்றிய அந்த முதல் போத்தலும்.